ஸ்டெப்னி

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்குச் செய்தி வந்தது.
டொலீடோவில் இன்னும் பனி விழவில்லை,
விழப்போகிறேன் என்று
வானம் மிரட்டிக்கொண்டிருந்தது.
குளிர்கால டயர் மாட்ட
ஒன்பது வண்டிகள் வரிசையில்.

வின்ஸ்கோவை எடுத்துவிட்டார்கள்.
மாற்று குவாட்டர்பேக்.
ஓராண்டு ஒப்பந்தம்.

காபி இயந்திரத்தின் பக்கத்திலிருந்த
ஆர்வில் டெம்ஸ்கி எழுந்தேவிட்டார்.
"அவனா?"

அவன்தான்.
மூன்று வருடம் முன்பு குடித்துவிட்டு ஓட்டி
பேருந்துக்காக நின்ற ஒரு பெண்ணின்
இடுப்பெலும்பை உடைத்தவன்.
இறங்கிப் பார்க்காமல் போனவன்.
ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து
யாரோ எழுதிக்கொடுத்த மன்னிப்பை
கேமராக்களுக்கு முன் வாசித்தவன்.
தாள் இரண்டு ஒட்டிக்கொண்டு
நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போனது.
அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

"நம் ஆளின் தோளை
எத்தனை முறை தைத்தாயிற்று?" என்றாள் லூரீன்.
"அவன் விழுந்தால் யார் எறிவது, நீயா?
சட்டி ஓட்டையானால் என்ன, வெந்தால் சரி."

"வெந்ததைத் தின்னப்போவது நாம்" என்றார் ஆர்வில்.
இருபத்திரண்டு வருட சீசன் டிக்கெட்டைக்
கிழித்துவிடுவதாகச் சொன்னார்.
போன வருடமும் சொன்னார்,
அது பியர் விலைக்காக.

பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்ரே
அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"என் தம்பி யாரையும் இடிக்கவில்லை.
மூன்று வருடம் கொடுத்தார்கள்.
வெளியே வந்தவனுக்குக்
கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைகூட இல்லை.
திருந்தியவனுக்கு இன்னொரு வாய்ப்பு,
சரி, நானும் கைதூக்குகிறேன்.
அது ஏன்
அறுபது கெஜம் எறிகிறவனுக்கு மட்டும்?"

கொஞ்ச நேரம்
என் காற்றழுத்தத் துப்பாக்கி மட்டும் பேசியது.

பிறகு மறுபடி ஆரம்பித்தார்கள்.
அவன் எண் பதினாறு.
நூற்றுக்கு அறுபத்து நான்கு பந்துகள் போய்ச் சேரும்.
இடது பக்கம் ஓடினால் தடுமாறுவான்.
கல்லூரிக் கடைசி ஆட்டத்தில் மழையில் நான்கு டச்டவுன்.
எல்லாம் விரல்நுனியில்.

"அந்தப் பெண் பேர் என்ன?"
கேட்டது நான்தான்,
ஜாக்கிக்கு அடியிலிருந்து.

லூரீன் நெற்றியைத் தேய்த்தாள்.
"ஏதோ... ப-வில் ஆரம்பிக்கும்."

ஆர்விலின் டிக்கியைத் திறந்தேன்.
ஸ்டெப்னி சப்பிக் கிடந்தது.
பதினோரு வருடமாகத் தொடவே இல்லையாம்.
காற்றடிக்கவா என்றேன்.
"தேவைப்படாது" என்றார்.

நவம்பர் மூன்றாம் ஞாயிறு,
மூன்றாவது கால்பகுதி.
முதல் ஆள் விழுந்து, எழவில்லை.
ஏரிக்காற்று காதை அறுக்க
வின்ஸ்கோ தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வந்தான்.
கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை.
அறுபதாயிரம் பேர்
எச்சில் விழுங்கும் சத்தம் எப்படியிருக்கும் என்று
அன்று தெரிந்துகொண்டேன்.

நாலாவது ஆட்டத்தில் எறிந்தான்.

பந்து மேலே போனது.
மேலே இருக்கிறவரை
அதற்கு எறிந்தவன் பெயர் ஒட்டவில்லை.
பழுப்பாய், சுழன்றுகொண்டு,
விளக்குகளுக்குக் கீழே ஒரு பந்து.
இரண்டு வரிசை முன்னால் ஆர்விலின் கைகள்
தாமாகவே உயர்ந்திருந்தன.
அந்தப் பக்கம் எவனோ பிடித்துவிட்டான்,
அரங்கம் இடிந்து விழுவதுபோல் கத்தியது,
அவர் மட்டும்
தூக்கிய கைகளை அண்ணாந்து பார்த்தார்,
யாரோ கொடுத்துவிட்டுப்போன கைகள் போல.
பிறகு கோட்டுப் பைகளில் போட்டுக்கொண்டார்.

டிக்கெட்டைக் கிழிக்கவில்லை.
ஆட்டத்தை ஜெயித்தோம்,
அதற்கடுத்ததைத் தோற்றோம்.

புதன்கிழமை கடைக்கு வந்தார்,
வேலை எதுவும் இல்லாமல்.
டிக்கியைத் திறந்து காட்டி
காற்றடித்து வை என்றார்.
முப்பத்தைந்து வரை முள் ஏறுவதைப்
பக்கத்தில் நின்று பார்த்தார்.

கிளம்பும்போது
கண்ணாடியைப் பாதி இறக்கிச் சொன்னார்:

"ப-வில் ஆரம்பிக்கவில்லை."