இரண்டு விரல் இடைவெளி

எங்கள் ஊர்ப் பெயரிலேயே குண்டு இருக்கிறது,
குண்டு உப்பலவாடி.
நாய்க்குப் பீரங்கி என்று பெயர் வைத்தவன்
பக்கத்து வீட்டு நிதர்சன்.
வைத்த நாளிலிருந்து அவனும் அப்படியே:
கதவு திறந்தால் தாழங்குடா வரை ஒரே இழுப்பு,
கயிற்றின் மறுமுனையில்
செருப்பு பிய்ந்தபடி ஒரு தபால் ஆபீஸ் கிளார்க்.

ஆடி மாதம், சவுக்குத் தோப்பு ஓரம்,
கீரிப்பிள்ளை ஒன்று குறுக்கே போனது.
கீரி போனால் நல்ல சகுனமாம்.
இடது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் விரிசல்.
மாவுக்கட்டு போட்ட டாக்டர் கேட்டார்:
"கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிப்பீங்களா?"
ஆமாம்.
"இனிமே சுத்தாதீங்க."
நாயைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

கழுத்துச் சங்கிலி முன்பே பார்த்தாயிற்று.
இறுக இறுக இன்னும் இழுத்தான்,
மேடு ஏறும் பழைய மொபெட் போல
இருமிக்கொண்டே இழுத்தான்.
நெஞ்சுப் பட்டை போட்டேன்,
நுகத்தடி என்று நினைத்துக்கொண்டான்.

பாண்டிச்சேரியில் ஜெனோவாவின் கடை.
"மூஞ்சியை அளந்தீங்களா?" என்றாள்.
அளக்கவில்லை.
குத்துமதிப்பாய் வாங்கியதை
மறுநாளே சவுக்கு மரத்தில் தேய்த்து உதறிவிட்டான்.
பிறகு ஜாக்கெட் தைக்கும் டேப்பைக் கொண்டு
கண்ணுக்குக் கீழே ஒரு சுற்று,
காதுக்குப் பின்னால் ஒரு சுற்று.
டேப்பில் பத்தொன்பதாம் எண்ணைக் கடித்துவிட்டான்,
இப்போதும் அந்த எண் இல்லாமல்தான் தைக்கிறேன்.

பிடரியில் பட்டை இறுக்கம், ஆனால் இரண்டு விரல் நுழையணும்.
மூக்கில் தளர்வு, ஆனால் நுனியைத் தாண்டக் கூடாது.
சுண்டி இழுக்கவே கூடாது.
ஜெனோவா சொன்னதை
மாவுக்கட்டின் மேலேயே பேனாவால் எழுதிவைத்தேன்.

வளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நெத்திலிக் கருவாடு.
மூக்கை அவனே நுழைத்தால் கருவாடு அவனுக்கு.
ஒன்பது நாள் இந்த வியாபாரம்.
வீடே நாறியது.
கொக்கி மாட்டிய அன்று
முன்காலால் முகத்தைப் பிறாண்டினான், தரையில் புரண்டான்,
பிறகு மறந்துபோய்க் கொட்டாவி விட்டான்.

அஞ்சலாட்சி மீன் கூடையை இறக்காமலே கேட்டாள்:
"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு,
குதிரைக்குக் கடிவாளம்,
இதுக்கு இன்னா பேரு?"
தெரியவில்லை.
மூக்கைக் குத்தவில்லை, வாய்க்குள் இரும்பும் இல்லை,
குரைக்கிறான், தண்ணீர் குடிக்கிறான்,
உன் கூடையைப் பார்த்து எச்சில் விடுகிறான் பார்.
"கட்டி வச்சிருக்கியே, கடிக்குமா?"
இரண்டு வருடம் ஊரையே இடித்துத் தள்ளியபோது
யாரும் கேட்காத கேள்வி.

தெருவில் முதல் பாய்ச்சல்.
நான் ஒன்றும் செய்யவில்லை, நின்றேன்.
பட்டை அவன் முகத்தை மெல்லத் திருப்பி
என்னிடம் கொடுத்தது.
இத்தனை நாள் நடையில் நான் பார்த்ததெல்லாம் வால்தான்,
பழமொழிக்காரர்களைப் போல.
இடது புருவத்தில் நரை விழுந்திருக்கிறது.
மூன்று வயதுதான் ஆகிறது அவனுக்கு.

ஒரு நாள் சுண்டிவிட்டேன்.
ஆடு, லாரி, ஆபீஸுக்கு நேரம், ஏதோ ஒன்று.
கழுத்து திரும்பிய வேகத்தில்
அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது,
நாய்ச் சத்தமே இல்லை அது.
முகத்துவாரத்து மணலில் உட்கார்ந்து
கொக்கியைக் கழற்றினேன்.
பையிலிருந்த நெத்திலி முழுவதையும் கொட்டினேன்.
தின்றான். அதுதான் தாங்கவில்லை.

போன வாரம் கட்டைப் பிரித்தார்கள்.
மணிக்கட்டு மெலிந்து வெளுத்து,
யாருடைய கையோ போல.
அவன் மூக்கின் மேலும்
மயிர் படிந்து ஒரு கோடு.
ஒரு துளை தளர்த்தி மாட்டி
விரலை விட்டுப் பார்க்கிறேன்: ஒன்று, இரண்டு.
தும்முகிறான், என் நைட்டியிலேயே துடைத்துக்கொள்கிறான்.

வாசல் தாண்டுவதற்குள்
கயிற்றை ஒரு சுற்று சுற்றிவிடுகிறது
இந்தப் பாழாய்ப்போன கை.
பிரிக்கிறேன்.
அவன் திரும்பிப் பார்த்துக் காத்திருக்கிறான்.