ஆறாவது இடம்

தாளில் ஏழு கட்டங்கள், ஏழு நாளுக்கு.
பயிற்சி செய்த நிமிடத்தை எழுதி
அடியில் வீட்டார் ஒருவர் கையெழுத்திட வேண்டும்.
முதல் மூன்று வாரம்
இருபது, இருபது, இருபது என்று
ஞாயிறு இரவில் ஒரே மூச்சில் நிரப்பினேன்,
டீசல் வாடை போகாத கையால்.
சோல்வே பக்கத்தில் நின்று பார்த்தாள்.
பதினொரு வயது.
"பேனாவையாவது மாத்தி மாத்தி எழுதுப்பா" என்றாள்.

எங்கள் வீட்டில் இரவும் பகலும் இடம் மாறியவை.
மர்னா ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்து
ஜன்னலில் போர்வை மாட்டித் தூங்குவாள்.
நான் பனி பெய்தால் பனி தள்ளும் வண்டியில்;
இங்கே பனி எப்போதும் பெய்யும்.
இதற்கு நடுவில் ஒரு ட்ராம்போன்.
பள்ளி கடனாகக் கொடுத்தது,
யாரோ ஒரு பையனின் பெயரைக் கீறிய பெட்டியோடு.

முதலில் காரில் முயன்றோம்.
ஸ்லைடு கண்ணாடியில் முட்டியது.
கண்ணாடியை இறக்கினால்
டுலூத்தின் பிப்ரவரி உள்ளே வந்து
பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டது.
பித்தளை அவள் உதட்டைக் கவ்விப் பிடித்தது.
அன்றைக்கு நான்கு நிமிடம்.
நான்கு என்றே எழுதினேன். அதுவே முதல் நிஜக் கணக்கு.

பிறகு கீழ்த்தளம். துணி துவைக்கும் அறை.
சிமென்ட் சுவர், மூன்று இயந்திரம், ஒரு குழல்விளக்கு.
அவள் ஊதினாள்.
கதவிடுக்கில் வால் மாட்டிய எதுவோ கத்தியது.
உலர்த்தியில் யாருடைய ஜீன்ஸோ சுழன்று
அதன் பொத்தான் டங், டங், டங் என்று தட்டியது.
சோல்வே நிறுத்தினாள், கேட்டாள்,
அந்தப் பொத்தானோடு சேர்ந்து ஊதினாள்.
துணி எடுக்க வந்த ஹோதன்
மடித்த துண்டை மறுபடி உதறி மடித்தாள்.
போகவில்லை.
காது அடைத்துப்போய்விடும் என்று சொன்னேன்.
"வீட்டுல நாலு பசங்க. இது அமைதி" என்றாள்.

ஐந்தே ஸ்வரம், அந்தப் புத்தகத்தின் முதல் பக்கம்.
முதல் இடம் சுலபம். மூன்றும் நான்கும்
எங்கோ தடுமாறி, எங்கோ வந்து சேரும்.
இரண்டாவது ஸ்வரத்துக்குத்தான்
ஸ்லைடை ஆறாவது இடம் வரை தள்ள வேண்டும்.
அவள் கை அதுவரை நீளவில்லை.
தோளைத் திருப்பினாள், கழுத்தைச் சாய்த்தாள்,
விரல் நுனியால் எட்டி உந்தினாள்.
ஸ்லைடு கழன்று தரையில் உருண்டது.
அவள் அழவில்லை. பித்தளையில் விழுந்த சொட்டையைப் பார்த்து
"இதுக்கும் கையெழுத்து போடணுமா" என்றாள்.

சோப்புத்தூள் டப்பா மேல் உட்கார்ந்தேன்.
ஸ்லைடின் மறுமுனை என் கையில்.
அவள் கண்ணைக் காட்டும்போது
நான் இழுப்பேன்.
கொஞ்சம் அதிகமாக இழுத்தால் ஸ்வரம் தொங்கியது,
குறைந்தால் கிறீச்சிட்டது.
பனியில் தெருவோரக் கல்லை உரசாமல்
பத்து டன் வண்டியை ஓட்டுகிற எனக்கு
இரண்டு விரற்கடையில் வேர்த்தது.
பதினொன்றாவது தடவை
அது வந்தது. உருண்டையாக, முழுசாக.
மூன்று இயந்திரத்தின் மூடியும் அதிர்ந்தன.
அவள் மூச்சு, என் கை.
இருவருமே ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

இருபத்தாறு நிமிடம். முப்பத்தொன்று. ஒரு வியாழன், வெறும் ஏழு.
அந்த ஏழுக்குப் பக்கத்தில் பெக்வித் சார்
ஒரு சிரிப்பு முகம் வரைந்து அனுப்பினார்.

"கச்சேரில யார் இழுப்பாங்க?" என்று ஹோதன்தான் கேட்டாள்.
"அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும்
சும்மா ஊதுற மாதிரி நிப்பேன்" என்றாள் சோல்வே.
"குட்டையா இருக்கறவங்க எல்லாரும் அப்படித்தானாம்."

ஏப்ரல். பள்ளி ஜிம்மில் மடக்கு நாற்காலிகள்.
மர்னா என் தோளில் பாதித் தூக்கத்தில்.
நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஊதினார்கள்.
கூட்டம் கைதட்டியது, எல்லோருக்கும் எல்லாமே கேட்டது.
எனக்கு மட்டும் நடுவில் ஓர் ஓட்டை கேட்டது,
இரண்டாவது ஸ்வரம் வரும்போதெல்லாம்.
கன்னத்தை உப்பிக்கொண்டு, ஊதாமல்,
அவள் நேராக என்னையே பார்த்தாள்.
மடியில் கிடந்த என் வலது கை
முன்னே நீண்டது,
முன்வரிசைக்காரரின் தொப்பியில் இடிக்கும்வரை.