எடைக் கருவியின் பேட்டரி

பொத்தானை அழுத்துகிறேன்.
விசிறி சுழல்கிறது, பச்சை விளக்கு எரிகிறது,
திரை மட்டும் கரிச்சட்டி.
பிறகு மூன்று நீளமான பீப்.
அடுப்போரம் படுத்திருக்கும் பூனை
ஒரு காதை மட்டும் திருப்புகிறது.

புந்தா அரேனாஸில் மூன்று நாளாகக் காற்று.
தகரக் கூரைகள் இரவெல்லாம் வழக்காடின.
மின்சாரம் வருவதும் போவதுமாக,
செருப்பைக் கழற்றாத விருந்தாளி.
நாலாம் முறை வந்தபோது
இது எழுந்திருக்கவில்லை.

"பதினாறு வருஷம் ஆயிற்று, எதெல்வினா,
தூக்கிப் போடு" என்கிறான் அன்செல்மோ.
உன் படகைவிட வயது குறைவுதான் என்கிறேன்.
படகைச் சொன்னால் அவன் வாயடைத்துப் போவான்.
போனான். தூங்க.

ஏழு படகுகளின் நண்டுக் கணக்கு இதற்குள் இருக்கிறது.
திங்கள் காலை ஒன்பதுக்குள் துறைமுக அலுவலகத்துக்கு
போய்ச் சேர்ந்தாக வேண்டும்.
நகல் எடுத்து வைத்தாயா என்று
யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து,
மரண அறிவிப்புப் பக்கம்தான் கிடைத்தது,
பெட்டியை அதன்மேல் சாய்க்கிறேன்.
திருகாணிகள் தேநீர்த் தட்டில்.
நான்கு இருக்க வேண்டும், மூன்றுதான்.
பக்கத் தகட்டை இழுத்தால்
உள்ளே பூனை.
அதாவது பாதிப் பூனை: இத்தனை வருஷத்து முடியும்
விசிறியைச் சுற்றிக் கம்பளியாகி இருக்கிறது.

வெப்பக் குழாயை ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன்,
தேவாலயத்துக்குள் நுழைகிறவள் சிலுவை போடுவதுபோல.
இந்த வறண்ட காற்றில் விரல்நுனியில் மின்னல் இருக்கும்,
அது எங்கே இறங்குமென்று சொல்ல முடியாது.

நினைவகப் பட்டைகள் இரண்டையும் பிடுங்கி
அவற்றின் தங்கப் பற்களை
மிலென்காவின் பள்ளி ரப்பரால் தேய்க்கிறேன்.
ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கும் ரப்பர்.
ரப்பர் கறுக்கிறது. பல் மினுக்குகிறது.
ஒன்றை மட்டும் செருகுகிறேன். மூன்று பீப்.
அதையே அடுத்த துளையில் செருகுகிறேன்.

ஒரே பீப். சின்னது.
தும்மலை அடக்கியவர்கள் விடும் சத்தம்.
திரையில் எழுத்துகள்!
வட்டு எதுவும் இல்லை என்கிறது.
இன்று 2009 ஜனவரி ஒன்று என்கிறது.

அந்த நாளை எனக்குத் தெரியும்.
நீரிணைக்கு மேலே வாணவேடிக்கை,
நான் கடைவாய்ப் பல்லில் கிராம்பை அடக்கி
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
அங்கே திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை.

நீல அறைக்குள் நுழைந்து
ஆண்டைச் சொல்கிறேன், மணியைச் சொல்கிறேன்,
எந்த வட்டிலிருந்து எழ வேண்டுமென்று சொல்கிறேன்.
எழுந்தது! காற்று ஒரு அடி அடித்தது.
விளக்கு அணைந்தது.
மறுபடி 2009. மறுபடி பல்வலி.

பலகையின் மூலையில் நாணயம் அளவு பேட்டரி,
மின்சாரம் போன பின்னும்
நேரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியது.
செத்துக் கிடக்கிறது.
ஞாயிறு இரவு பதினொன்று. எந்தக் கடை?
சுவர்க் கடிகாரம்: அதில் குண்டு பேட்டரி.
கார்ச் சாவியில் இருப்பது ஒல்லி.
பொம்மைகள், டார்ச், காது வெப்பமானி,
எல்லாவற்றின் வயிற்றையும் திறந்து மூடிவிட்டேன்.

பிறகு குளியலறையில்,
துணிக்கூடைக்கு அடியில் அந்தக் கண்ணாடிப் பலகை.
கவிழ்த்தேன். அதே வட்டம், அதே எண்.

அழுத்தியதும் க்ளிக் என்றது.
அதற்குப் பிறகு காற்று இரண்டு தடவை விளக்கைப் பறித்தது.
தேதி அசையவில்லை.

ஏழு படகு, மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
ரொசாவுராவின் படகில் மட்டும் ஒரு பூஜ்யம் கூடுதல்,
அது வழக்கம், திருத்தினேன்.
எட்டு நாற்பதுக்கு அனுப்பினேன்.
காணாமல் போன திருகாணி என் கம்பளிக் காலுறையில் இருந்தது.

குளியலறையிலிருந்து சத்தம்:
"எதெல்வினா, இதற்கு என்ன கேடு?
ஏறி நிற்கிறேன், எண்ணே வரமாட்டேன் என்கிறது!"

இறங்கிவிட்டு மறுபடி ஏறிப் பார் என்கிறேன்.