பெற்றோர் கையொப்பம்

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
என் மகனுக்கு நான் மிஸஸ் ஹால்வர்சன்.

தேவாலயத்தின் கீழ்த்தளம். ஹீட்டர் இருமுகிறது.
ஒன்பது வீட்டுப் பிள்ளைகள், மடக்கு மேசைகள்.
பக்கத்து அறையில் வெர்னா
பீட்சா அட்டையைப் பின்னங்களாக வெட்டுகிறாள்.
அவள் மகளுக்கு நான் அறிவியல்,
என் மகனுக்கு அவள் கணக்கு.
இடாஹோவில் பனி உருகும்வரை இதுதான் ஏற்பாடு.

போன வார வீட்டுப்பாடம்:
முளைவிட்ட ஓர் அவரை, தினம் ஓர் அளவு.
ஓக்லி வீட்டு டெல்லாவின் செடியை
ஆடு தின்றுவிட்டது;
அதையும் எழுதியிருந்தாள், மணி நிமிடத்தோடு.

ஆரினின் அட்டவணையில் ஓர் அடித்தல் இல்லை.
புதன் நான்கு சென்டிமீட்டர், வியாழன் ஐந்து,
வெள்ளி ஆறு, சனி ஏழு,
ஞாயிறுகூட ஓய்வெடுக்காமல் எட்டு.

அந்தச் செடி வெள்ளியன்றே செத்துவிட்டது.
எனக்குத் தெரியும்.
ஜன்னல் என் சமையலறை ஜன்னல்.
தண்ணீர் ஊற்றும் முறையும்
அந்த வாரம் என்னுடையது.

'அளந்ததை மட்டும் எழுது' என்று
சிவப்பில் எழுதினேன்.
கீழே ஒரு கோடு: பெற்றோர் கையொப்பம்.

இரவு, தட்டுகளைத் துடைத்து அடுக்கியபின்
தாளை ரொட்டி டப்பாவின் மேல் வைத்துவிட்டு
போகாமல் நின்றான்.
மிஸஸ் ஹால்வர்சன் ரொம்பக் கண்டிப்போ, என்றேன்.
ஆமாம், என்றான். சிரிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.
பேனா இன்னும் மூடாமல் இருந்ததால்
வெள்ளிக்கு எதிரே, ஆறை அடித்துவிட்டு
'அம்மா தண்ணீர் ஊற்ற மறந்தாள்' என்றும் எழுதினேன்.

மணி நிமிடம்தான் நினைவில்லை.