முப்பத்தேழு துணிகள்

மாசி மகத்தன்று ஆலைக்கு விடுமுறை.
ஊரெல்லாம் தேவனாம்பட்டினத்துக் கடலில் நிற்க
நான் சிப்காட்டில், கம்ப்ரஸர் அறையில் நின்றேன்,
யாருக்கும் தேவைப்படாத நாளில்
இது ஏன் இப்படி ஓடுகிறது என்று.

வால்வுகள் சில மூடியபடி நிற்கக்
கொஞ்சம் காற்று வேண்டும், அவ்வளவுதான்.
ஆனால் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு முள் ஏறியது.
ஏறும். விடும். ஏறும்.
குடிக்க ஆளில்லை, குடம் மட்டும் காலியாகிறது.

மற்ற நாளில் இது காதில் விழாது.
சென்ட்ரிஃபியூஜ் இரைச்சல், பேரல் உருளும் சத்தம்,
ஷிப்ட் மாறும்போது ஜெயவேங்கடம் சார் போடும் கூச்சல்,
எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்ஸ்ஸ் என்று
பதினாறு வருஷமாக இந்த ஷெட்
ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

சோப்புத் தண்ணீர் கரைத்தேன்.
சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த பிரஷ் ஒன்று கிடைத்தது.
கேட்டருகே கூட்டிக்கொண்டிருந்த அஞ்சலாட்சியை
ஏணி பிடிக்கக் கூப்பிட்டேன்.
"குழாய்க்குத் தீர்த்தவாரியா?" என்றபடி வந்தாள்.

முதல் நுரை எல்போ இணைப்பில் உப்பியது.
எலுமிச்சை அளவு. உடைந்தது. மறுபடி உப்பியது.
பிறகு ரெகுலேட்டருக்கு அடியில்.
பிறகு, துணி சுற்றி, துணிமேல் டேப் சுற்றி
'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று யாரோ விட்டுப்போன முடிச்சில்.
எப்போதோ பெயர்த்து விற்ற மெஷினுக்கு
இன்னும் காற்று கொண்டுபோகும் குழாயின் நுனியில்
நுரை நிற்கவே இல்லை,
அவள் முகத்தில் தெறித்தது.

சிவப்புப் பழந்துணியை அவள் கிழித்துக் கிழித்துக் கொடுக்க
நான் கட்டினேன்.
முப்பத்தேழு.

இறங்கியதும் கேட்டாள்,
"காத்துதானே போவுது? போனா போவட்டுமே."

சும்மா வரவில்லை இந்தக் காற்று என்றேன்.
மோட்டார் அமுக்க வேண்டும். மோட்டாருக்குக் கரண்டு.
கரண்டு நெய்வேலியிலிருந்து வருகிறதென்று வைத்துக்கொள்,
அங்கே கரி எரிய வேண்டும்.
கரிக்கு மண்ணை

அதற்குமேல் நாக்கு நகரவில்லை.
அவள் கொல்லை போன கதை கேன்டீனில் எல்லோருக்கும் தெரியும்.
ரெண்டு காணி முந்திரி, ஒரு போர்செட்டு,
கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒரு செக்கு,
பிறகு இந்தக் கான்ட்ராக்ட் வேலை, இந்த விளக்குமாறு.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஏணியைத் தானே தூக்கிக்கொண்டுபோய்
முதல் துணிக்கு அடியில் சாத்தினாள்.
"இதுலேருந்து ஆரம்பி."

ஸ்டோர் பூட்டியிருந்தது.
ஸ்பேனரால் முறுக்க முடிந்ததை முறுக்கினோம்.
இருட்டுவதற்குள் பதினொன்று.

மறுநாள் ஜெயவேங்கடம் சார்
எத்தனை ரூபாய் மிச்சம், ஷீட்டில் போடு என்றார்.
போட்டேன். யூனிட்டில், மாதத்தில், வருஷத்தில்.
கேட்டில் மாட்ட ஒரு பிளக்ஸ் அடிக்கலாமா என்றார்.
பழைய காலண்டரின் பின்பக்கம் போதும் சார் என்றேன்.
ஷீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
அதற்குக் 'கொல்லை' என்று தலைப்பிட்டு
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தேன்.
அதற்கு ஃபார்முலா எனக்குத் தெரியாது.

பங்குனி முடிவதற்குள் முப்பத்தாறு துணி அவிழ்ந்தது.
ரெண்டு ரூபாய் வாஷர், வெள்ளை டேப்,
சில இடத்தில் அரைச் சுற்று முறுக்கு மட்டும்.
கம்ப்ரஸர் இப்போது நெடுநேரம் சும்மா நிற்கிறது.
புதிதாய்ச் சேர்ந்த பையன்
கெட்டுப்போச்சு அண்ணே என்று பதறி ஓடிவந்தான்.

ஒன்று மிச்சம். பிரதான லைனில்.
மகத்தன்று அதற்குக் கேஸ்கெட் கையில் இல்லை.
இப்போது கேஸ்கெட் இருக்கிறது,
உற்பத்தியை இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும்.
கேட்டு மேலே அனுப்பிய தாள் மேலேயே இருக்கிறது.

இலைகூட அசையாத சித்திரை மதியத்தில்
ஷெட்டுக்குள் அந்த ஒரு துணி மட்டும் படபடக்கிறது.
அதன் கீழே கூட்டும்போதெல்லாம்
அஞ்சலாட்சி ஒருதரம் நிமிர்ந்து பார்க்கிறாள்.

என்னைப் பார்ப்பதில்லை.