விலாசதாரர்

பையில் கடிதம் இல்லை இந்த மாதம்.
மின்கட்டணம் இல்லை, வங்கியின் எச்சரிக்கை இல்லை,
டுபாயிலிருந்து பிறந்தநாள் அட்டை இல்லை.
சைக்கிள் பள்ளத்தில் விழுந்தால்
பழுப்பு உறைகளுக்குள் குளிசைகள் குலுங்குகின்றன.
பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கைப் பூட்டியபின்
மருந்து என்னோடுதான் வருகிறது.

பதினொரு வருடம் கொட்டாஞ்சேனையில் தபால் போட்டிருக்கிறேன்.
யாருக்குக் கடன், யாருக்கு வழக்கு,
யாருடைய மகன் எழுதுவதை நிறுத்தினான்
எல்லாம் உறையின் தடிப்பில் தெரியும்.
உடம்பு தெரியாது.
இப்போது தெரிகிறது:
ஜம்பட்டா வீதி நகைக்கடை முதலாளி
பாதிக் குளிசை விழுங்கித்தான் தூங்குகிறார்.
என்னை நாயை விட்டுத் துரத்திய வாத்தியாருக்கு
இரத்தத்தை இளக்கும் மருந்து, நாளுக்கு ஒன்று.
படியேறும்போது பெயரை வாசிக்கிறேன்,
இறங்கும்போது வாசித்ததை மறக்கப் பார்க்கிறேன்.

புளூமெண்டல் பக்கத்து ஒழுங்கைக்கு மஞ்சள் நாடா.
பொலிஸ்காரர் என் உள்ளங்கையில் திரவம் ஊற்றி
"யன்ன" என்கிறார், என்னை மட்டும்.
மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் இறங்குகிறது வாளி.
அதற்குள் ஒரு தோடம்பழம், எனக்கு.
நன்றி சொல்ல நிமிர்ந்தால்
மேலே ஒரு சோடிக் கண், அவ்வளவுதான்.

மசூதா உம்மா உறையை வாங்கியதும்
விரலால் தடவித் தடவிப் பார்க்கிறார்,
சின்னப் போத்தலின் உருளையைத் தேடி.
இன்சுலின் தபாலில் வராது உம்மா,
அதற்குக் குளிர் வேண்டும் என்று
போன மாதமும் சொன்னேன்.
"தெரியும் மகன்" என்கிறார்.
தடவுவதை நிறுத்தவில்லை.

பிறகு, இரண்டாம் மாடி, இடப்பக்கக் கதவு:
ஜோக்கிம் பெர்னாந்துபுள்ளே, வயது எழுபத்தொன்று,
மெற்ஃபோமின், லொசாட்டன், காலை ஒன்று, இரவு ஒன்று.

"இன்னும் வருதா அவருக்கு?"
கதவைத் திறந்த ஃபிலோமின் அக்கா கேட்டார்.

காலில் ஒரு புண்.
கட்டு மாற்றும் கிளினிக் மூடி ஏழு கிழமை.
வீட்டில் உப்புத் தண்ணீர், மஞ்சள், கிழித்த சாரம்.
பெருவிரல் கறுத்த இரவு அம்புலன்ஸ் வந்தது;
வாசலில் வைத்து மூக்குக்குள் குச்சி விட்டார்கள்,
முடிவு வரும்வரை ஒதுக்குக் கட்டிலில் போட்டார்கள்.
முடிவு நல்ல முடிவுதான்:
கொரோனா இல்லை.
அது வருவதற்கு ஒன்பது மணித்தியாலம் முன்பு
ஆள் இல்லை.

"செய்தியில தொகை சொல்லேக்க
இவரையும் சேர்த்துச் சொல்லுவினம் எண்டு
இருந்து பார்த்தன் தம்பி.
அவர் அதில இல்லையாம்.
அப்ப எதில?"

திருப்பி அனுப்பும் உறையில்
மூன்று மொழியில் காரணங்கள் அச்சடித்திருக்கும்.
வீடு மாறியவர். ஏற்க மறுத்தவர். விலாசம் போதாது.
பென்சிலைக் காதிலிருந்து எடுத்தேன்,
எதற்கு நேரே கோடு போடுவது என்று நின்றேன்.

எதிர்க்கதவு கொஞ்சம் திறந்தது.
சுமணபால, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
தன் வெறும் குளிசை அட்டையை நீட்டிப் பிடித்திருந்தார்,
அதே பெயர், அதே ஐந்நூறு.
ஐந்து நாளாக இல்லையாம்.
அவருடைய உறை எந்தத் தபாற்கந்தோரில் கிடக்கிறதோ.

ஒருவர் தபாலை இன்னொருவருக்குக் கொடுத்தால் வேலை போகும்.
வாய் திறந்து அதைச் சொல்லவும் செய்தேன்.

அக்கா என் பென்சிலை வாங்கினார்.
ஒப்பமிடும் கட்டத்தில்,
நாற்பது வருடமாக வங்கிப் புத்தகத்தில் பார்த்துப் பழகிய
அந்தப் பெரிய வளைவோடு,
கடைசி எழுத்தின் வாலை இழுத்துவிட்டு,
ஜோக்கிம் பெர்னாந்துபுள்ளே என்று எழுதினார்.
"அவர் வாங்கிட்டார்" என்றார்.
உறையைச் செருப்புகளுக்கு மேலாக
எதிர்வாசலுக்குத் தள்ளினார் காலால்.

பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.
அடுத்த மாதம் பதினான்காம் திகதி
மறுபடியும் வருவார்,
என் பைக்குள் குலுங்கிக்கொண்டு.