டோக்கனின் ஈரப்பதம்

நெல் கொள்முதல் நிலையத்தில் எனக்குப் பட்டியல் எழுதும் வேலை.
பருவகால ஊழியன். குறுவைக்கு வந்து
சம்பா முடிந்தால் வீட்டுக்கு.
நாய் நிரந்தரம்.

வரிசையிலேயே படுத்துக் கிடந்ததால் பேர் டோக்கன்.
யாருடைய முறை வந்தாலும் எழுந்து
தராசு வரை கூடப் போய்விட்டு
மறுபடி கடைசி ஆளுக்குப் பின்னால் படுக்கும்.

அது ஐப்பசி. தார்ப்பாய்க்குக் கீழே நெல் முளைவிட்டது.
கருவி இருபத்தொன்று காட்டும், இருபத்திரண்டு காட்டும்.
பதினேழுக்கு மேல் வாங்கக் கூடாது.
வெயில் எட்டிப்பார்த்த நேரமெல்லாம்
வடுவூர்ச் சாலையில் கொட்டிக் காலால் கிளறினார்கள்.
ஊரே ஈரத்தோடு மல்லுக்கு நிற்கையில்
இதன் கண் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் பீளை. மஞ்சளாய், கயிறு கயிறாய்.
சுணை விழுந்திருக்கும் என்றோம்.
மூட்டை தூக்கும் பக்கிரிசாமி
தலைத்துண்டை நனைத்துத் துடைத்துவிடுவார்.
மறுநாளும் அதே.
பிறகு கருவிழி மேல் பழுப்பாய் ஒரு படலம்.
பின்னால் வரும் லாரியை
அது காதால் பார்க்கத் தொடங்கியது.

ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்கு
காலியாகத் திரும்பிய குட்டியானையில் போனோம்.
டாக்டர் ஜெசிந்தா கீழிமைக்குள்
ஒரு காகிதத் துண்டைச் செருகினார்.
"ஒரு நிமிஷம். எவ்வளவு தூரம் நனையுதோ, அதுதான் கண்ணீர்."
பதினைந்து மில்லிமீட்டர் நனைய வேண்டுமாம்.
மூன்றில் நின்றது.

பக்கிரிசாமி என் பக்கம் திரும்பினார்:
"இத நம்ம மிஷின்ல வெச்சிருந்தா
ஒடனே எடை போட்டிருப்பீங்க."

உடம்பே தன் கண்ணீர்ச் சுரப்பியை
அந்நியன் என்று அடிக்கிற நோய்.
ஆயுளுக்கும் மருந்து விடலாம், தினம் இரண்டு வேளை.
மாசி முடிந்து நிலையத்தைப் பூட்டியபின்
யார் விடுவது?

"ஒரு ஆய்வு நடக்குது," என்றார்.
கருத்தடைக்கு வந்த ஏதோ ஒரு பெட்டை நாயின்
கொழுப்பிலிருந்து பிரித்து வளர்த்த ஸ்டெம் செல்.
"குருத்துன்னு வெச்சுக்குங்க.
சுரப்பிக்குப் பக்கத்துல ஊசியில வைப்போம்.
அது சுரப்பியா மாறிடும்னு சொல்ல மாட்டேன்.
சண்டைய நிறுத்தச் சொல்லும். சில நாய்க்குக் கேக்கும்."

என் பட்டியல் தாளின் முதுகில் ஒரு கண் வரைந்தார்.
கறுப்பும் வெளுப்பும் சேரும் விளிம்பைப் பேனாவால் சுற்றினார்.
கண்ணின் சொந்தக் குருத்து அங்கே குடியிருக்கிறது;
அங்கிருந்துதான் புதுத்தோல்
நாளும் நடுவை நோக்கி நகர்கிறது.
"அது இன்னும் சாகல. ஆனா காஞ்ச தரையில
எதுதான் நகரும்?"

நாற்றங்கால் என்று பக்கிரிசாமி சொல்வாரென நினைத்தேன்.
அவர் கேட்டது, "கையெழுத்து யாரு போடணும்?"

உரிமையாளர் என்ற கட்டம் காலியாக இருந்தது.
நிலைய முத்திரை என் பையில்தான் இருந்தது.
நான் எடுக்கவில்லை.
அவர் எழுதினார், 'க்'குக்குப் புள்ளி மறந்து,
காகிதத்தைத் திரும்ப வாங்கி, வைத்து.

பதினைந்தாம் நாள்: நான்கு.
ஒரு மாதம்: நான்கு.
வண்டி வாடகை இருவரும் பாதிப் பாதி.
பொங்கல் கழிந்த வாரம், இடது கண் ஒன்பது.
வலது ஆறு.
அதற்கு மேல் ஏறவில்லை.

படலம் போகவில்லை, மெலிந்தது.
மருந்து ஒரு வேளையாகக் குறைந்தது,
அதையும் சாக்குத் தைக்கிற அம்சவேணி விடுகிறாள்,
கெட்ட வார்த்தையில் கொஞ்சியபடி.
இடது கண்ணின் ஓரத்தில்
ஒரு நூல் அகலத்துக்குக் கண்ணாடி.
குனிந்தால் அதில் என் சட்டைப்பை தெரிகிறது,
பேனாவோடு.

நேற்று சம்பா நெல். இரவெல்லாம் பனி.
வரிசையில் நின்றவருக்கு ஆறு நாள் தாடி.
கையில் அள்ளிக் கருவிக்குள் போட்டேன்:
பதினேழு புள்ளி நாலு.
அவர் கருவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
டோக்கனும் எழுந்து வந்து,
குறுக்கே கிடந்த தராசுச் சங்கிலியைத்
தாண்டி, இடறாமல் தாண்டி,
நிமிர்ந்து பார்த்தது.

பதினேழு என்று எழுதினேன்.
புள்ளி மறந்துவிட்டது.
திரும்ப வாங்கி வைக்கவில்லை.